அப்படியே இரு, அசையாதே

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான், குட்டி, அப்பா மூவரும் சுகம். குட்டியின் அம்மா மாற்றலாகிப் போன ஊரில் இருமலோடு இருக்கிறாள், மற்றபடி அவளும் சுகம். நீயும் உன் இடுப்பும் எப்படி? போனில் பேசினால் நமக்கு மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடுகிறது. அதனால் அம்மா இறந்த வருஷம் நாம் போட்டுக்கொண்ட ஒப்பந்தப்படி இந்தக் கடிதம்.

போன வாரம் என் மருந்துக்கடைக்கு ஓர் அம்மா வந்தார். தலைவலி மாத்திரை கேட்கப்போகிறார் என்று நினைத்தால், "ஓடி வந்து விழுற பொண்ணு சீனை வரைஞ்சாரே, அவரோட பையன் நீங்கதானா?" என்கிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெரிய அனிமே, அதாவது கார்ட்டூன் படக் கண்காட்சி ஒன்று நடத்துகிறார்களாம். திரையில் வந்த படம் இல்லை, அதற்காகக் கையால் வரைந்த அசல் தாள்கள். அவற்றைச் சட்டம் போட்டு, விளக்குப் போட்டு மாட்டுவார்களாம். அப்பா வேலை பார்த்த ஸ்டுடியோவில் பாதி கிடைத்துவிட்டது, மீதி நம் பரணில் கிடந்த தாள்கட்டுக்குள் இருந்தது. அந்தப் பெண் ஓடி வந்து விழுகிற காட்சிக்கு முதல் அறையில் ஒரு சுவர் முழுக்க ஒதுக்கியிருக்கிறார்கள்.

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். இத்தனை வருஷமாக யாரும் தேடி வராத மனிதர். இப்போது தினமும் சவரம் செய்துகொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

ஏப்ரலில் திறப்பு விழா. மகள் என்ற முறையில் நீ மேடையேறி இரண்டு வார்த்தை பேச வேண்டும். கண்காட்சி அம்மாவும் கேட்கிறார், அப்பாவும் "அவ வந்தா நல்லா இருக்கும்" என்கிறார். மேடைக்கு நாலு படிதான். மதில் ஏறிக் குதித்துக் காலை உடைத்துக்கொண்ட வாலுக்கு நாலு படி பெரிதா?

பதிலை எதிர்பார்க்கும்,
உன் தம்பி

ஜனவரி 30

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம். நீ, குட்டி, குட்டியின் அம்மா, அவளுடைய இருமல் எல்லோரும் நலமா? கடைக்கு எதிரே படுத்திருக்குமே ஒரு கிழட்டு நாய், அது நலமா?

இடுப்பைப் பற்றிக் கேட்டாய். பட்டறையில் நாள் முழுக்க நின்றபடி துணி வெட்டுகிறவளுக்கு ஒரு கால் குட்டையாக இருந்தால் இடுப்பு எத்தனை நாள் பொறுக்கும்? குட்டைக் காலின் செருப்புக்கு அடியில் இன்னொரு தோல் வைத்துத் தைத்தாகிவிட்டது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்குப் பெட்டியில் செருகி, ஸ்கேலால் தட்டித் தட்டிக் காட்டினார். அப்பாவின் மேசை ஞாபகம் வந்தது. கீழே விளக்கு எரிகிற கண்ணாடி, மேலே தாள். எக்ஸ்ரேயில் பழைய முறிவு வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. "சின்ன வயசுல சரியா சேர்க்கலை, இத்தனை வருஷம் எப்படி நின்னீங்க?" என்றார். நின்றேன், வேறென்ன செய்வது? ஜூனில் ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார்.

அதனால் விழாவுக்கு வர இயலாது. பள்ளிச் சீருடை ஆர்டர் வேறு தலைக்கு மேல் இருக்கிறது. மேடையில் நீயே பேசு. உனக்கு அப்பாவைப் பற்றி நல்லது நிறையத் தெரியும்.

அக்கா

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நாயும் நலம். தெரு நாயைக்கூட விசாரித்திருக்கிறாய், பெற்ற அப்பாவை விசாரிக்கவில்லை. கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டும்போது, "அப்பாவை ரொம்பக் கேட்டதாகச் சொல்" என்று நானாக ஒரு வரி சேர்த்துப் படித்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். உனக்கும் அவருக்கும் என்னதான் பிரச்சினை? அம்மா சாவுக்கு வந்தபோதும் அவரோடு ஒரு வார்த்தை பேசாமல் போனாய்.

சரி, நல்லதைச் சொல்கிறேன். கட்டைப் பிரித்துத் தாள்களை வரிசைப்படுத்த நானும் உட்கார்ந்தேன். என்ன கை அக்கா அது! தாளின் அடியில் மூன்று துளை, ஓரத்தில் எண், பென்சில் கோடு, மேலே சிவப்புப் பென்சிலில் திருத்தம். கட்டைவிரலால் சரசரவென்று புரட்டினால் அந்தப் பெண் நம் கண்முன்னே ஓடுகிறாள். கண்காட்சி அம்மா சுவரில் வைக்கப்போகும் அட்டையின் வாசகத்தை அனுப்பியிருக்கிறார்: "மாதிரி எதுவும் இல்லாமல், முழுக்கக் கற்பனையில் வரையப்பட்ட அசைவு." படித்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது.

இன்னொரு விஷயம். விழா மேடையில் அப்பா நேரடியாக வரைந்து காட்டப்போகிறார். குட்டி ஓடி வந்து விழுவாள், அவர் கூட்டத்துக்கு முன்னால் வரைவார். அதற்கு இப்போதே ஒத்திகை நடக்கிறது. பள்ளி விட்டு வந்ததும் தாத்தாவும் பேத்தியும் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார்கள். நான் கடையில் இருக்கிறபோது அவளை யார் பார்த்துக்கொள்வது என்ற கவலையும் இல்லை. பத்து வருஷம் பென்சிலைத் தொடாத மனிதர், இப்போது மாடிப்படியை இரண்டு கையாலும் பிடித்துப் பிடித்து ஏறுகிறார்.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 12

தம்பிக்கு,

உன் கடிதம் இன்று கிடைத்தது, இன்றே எழுதுகிறேன்.

குட்டியை மாடியில் ஓட விடாதே. அவரோடு தனியாக மாடிக்கு அனுப்பாதே. பள்ளி விட்டதும் கடைக்கு வரச் சொல், உன் கல்லாவுக்குப் பின்னால் உட்காரட்டும். ஏன் என்று கேட்காதே. உன் அக்கா இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன்.

அக்கா

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

நலம்தானே? எங்களுக்கென்ன, நலம்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கோபம் வராமல் எழுத வேண்டும் என்று ஒரு வாரம் காத்திருந்தேன், வந்துவிட்டது. ஏன் என்று கேட்கக்கூடாதாம். உத்தரவு போட நீ என்ன கலெக்டரா? அப்பாவுக்கு ஒரு நல்லது நடந்தால் உனக்கு ஏன் பொறுக்கவில்லை? நீ சின்னவளாக இருந்தபோது, அவர் உன்னைவிடப் பென்சிலைத்தான் அதிகம் கொஞ்சினார் என்று அம்மா சொல்வாள். அந்தப் பொறாமை இந்த வயதிலுமா?

குட்டி எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை நானும் மாடியில் நின்று பார்த்தேன். அவள் ஓடி வருவாள், பொத்தென்று விழுவாள், அப்பா "அப்படியே இரு, அசையாதே" என்பார். அவள் சிலை மாதிரி கிடப்பாள். அவர் வரைந்து முடித்துவிட்டு, "இன்னொரு தடவை, தங்கம்" என்பார். முட்டியில் கொஞ்சம் சிராய்ப்பு, அவ்வளவுதான். குழந்தை என்றால் சிராய்க்காதா? மருந்துக்கடைக்காரன் மகள்தானே, மருந்து போட்டேன்.

அப்பாவுக்குத்தான் திருப்தி இல்லை. "இவ தெரிஞ்சு விழறா. விழறதுக்கு முன்னாடியே கை வந்துடுது பாரு. தெரியாம விழுந்தா கை வராது" என்று தாளைக் காட்டி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். இந்த வயதிலும் எவ்வளவு நுட்பம் பார். அரைக் கணத்தில் கை எங்கே இருக்கிறது என்று பிடிக்கிறார். நீ என்னடாவென்றால் ஓடாதே, விழாதே என்கிறாய்.

தம்பி

பிப்ரவரி 24

தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதக் கை வருகிறது, மனசு வரவில்லை. இருந்தாலும் குட்டி நலமா? அவள் முட்டி ஆறிவிட்டதா?

சொல்லவே கூடாது என்றிருந்தேன். சொன்னால் கால் நீளப்போகிறதா என்ன?

எனக்கு எட்டு வயது. நீ தொட்டிலில். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். அந்தப் படத்தில் ஒரு பெண் ஓடி வந்து விழ வேண்டும். உன் அப்பா வரைந்துகொடுத்ததையெல்லாம், பொம்மை விழுகிற மாதிரி இருக்கிறது என்று ஸ்டுடியோவில் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அவர் என்னை மாடிக்குக் கூட்டிப்போனார். அதே மாடி. ஓடு, விழு, அப்படியே இரு, அசையாதே. பிறகு இன்னொரு தடவை, தங்கம். என்னையும் தங்கம் என்றுதான் கூப்பிட்டார். அதைக் கேட்பதற்காகவே நான் விழுந்தேன். வேறு நாளில் அவர் என்னைத் தலைநிமிர்ந்து பார்த்ததே கிடையாது. படத்தில் நீதான் வரப்போகிறாய் என்றும் சொல்லியிருந்தார்.

அவருக்குத் திருப்தி வரவில்லை. "நீ தெரிஞ்சு விழற, கை முன்னாடியே வந்துடுது" என்றார். நீ எழுதியிருக்கிறாயே, அதே வார்த்தை. உன் கடிதத்தில் அந்த வரியைப் படித்தபோது கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

சரி, கடைசியாக ஒரே தடவை என்றார். நான் மாடியின் கோடியில் திரும்பி நின்று, கண்ணை மூடி எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் செடிக்கு ஊற்றுகிற குவளையில் தண்ணீர் எடுத்து, நான் ஓடுகிற வழியில் ஊற்றிவிட்டார். எனக்குத் தெரியாது. தெரியாமல் விழுந்தேன். அவர் கேட்ட மாதிரியே கை வரவில்லை.

கால் எனக்குக் கீழே மடங்கி, திரும்பக்கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது. நான் கத்தினேன். "அப்படியே இரு" என்றார். "அசையாதே, இதோ ஆச்சு." பென்சில் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது நின்ற பிறகுதான் வந்து தூக்கினார்.

ஆஸ்பத்திரி வாசலில் அம்மாவிடம், "மதில்லேருந்து குதிச்சுட்டா" என்றார். நான் அவரைப் பார்த்தேன். கண்ணைச் சிமிட்டினார், நமக்குள் விளையாட்டு மாதிரி. நானும் வாயை மூடிக்கொண்டேன். அம்மா சாகும்வரை என்னை அடங்காப்பிடாரி என்றுதான் சொன்னாள். பெண்பிள்ளைக்கு மதில்மேல் என்ன வேலை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டாள். பிறகு படம் வந்தது. காலில் கட்டோடு தியேட்டரில் உட்கார்ந்து என்னைத் தேடினேன். அங்கே ஓடியது பெரிய கண் வைத்த வேறு யாரோ.

சுவரில் மாட்டப்போகிறார்களே, அந்த வரிசையில் கடைசித் தாளை எடுத்துக் காலைப் பார். அந்தக் கால் கற்பனையில் வராது.

அக்கா

மார்ச் 2

அக்கா,

அப்பாவிடம் கேட்டேன். நேராக இல்லை. அக்கா எப்படி விழுந்தாள் என்று மட்டும் கேட்டேன். மதில் என்றார். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், முகம் மாறவில்லை. அம்மாவும் அதைத்தான் சொன்னாள். இரண்டு பேர் சொன்னதை நம்புவதா, எட்டு வயதுக் குழந்தையின் ஞாபகத்தை நம்புவதா?

தாள்களெல்லாம் சட்டம் போடப் போய்விட்டன. இருந்தாலும் அந்தத் தாளை நான் பார்த்திருக்கிறேன். அது படம் அக்கா. படத்தில் கால் எப்படி வேண்டுமானாலும் இருக்கும்.

வயதான காலத்தில் ஒரு மனிதருக்கு மாலை விழப்போகும் நேரம் பார்த்து இப்படி எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? இனி இதைப் பற்றி எழுதுவதாக இருந்தால் எழுதாதே.

தம்பி

மார்ச் 5

தம்பி,

போன் போட்டேன், கட் செய்தாய். மறுபடியும் போட்டேன், மறுபடியும் கட் செய்தாய்.

என்னை நம்ப வேண்டாம். நான் பொறாமைக்காரி, பொய்க்காரி, எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள். ஒன்றே ஒன்று செய். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கடையை அடைத்துவிட்டு, அவள் ஓடுகிற நேரத்துக்கு மாடிக்குப் போ. தரையைத் தொட்டுப் பார். தொட்டுப் பார்ப்பதில் உன் அப்பாவுக்கு ஒரு குறையும் வராது.

இந்த வாரத்துக்குள் பதில் வராவிட்டால் குட்டியின் அம்மாவுக்குப் போன் போடுவேன். அவள் கட் செய்ய மாட்டாள்.

அக்கா

மார்ச் 10

அக்கா,

குட்டி பத்திரம். அவள் அம்மா வந்திருக்கிறாள். மற்றதைப் பிறகு எழுதுகிறேன். இப்போது முடியவில்லை.

தம்பி

ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை. பழக்கத்தில் எழுதுகிறேன்.

உன் கடிதம் கிடைத்த அன்று, உன்மேல் இருந்த கோபத்தில்தான் கடையை அடைத்தேன். உன்னைப் பொய்யாக்க வேண்டும் என்றுதான் மாடி ஏறினேன். குட்டி கோடியில் திரும்பி நின்று, கண்ணை மூடி எண்ணிக்கொண்டிருந்தாள். அப்பா நாற்காலியில் இருந்தார். காலடியில் குவளை. நான் குனிந்து தரையைத் தொட்டேன். வெயிலில் சுட்டுக்கொண்டிருந்த சிமெண்டில் அந்த ஓர் இடம் மட்டும் ஜில்லென்று இருந்தது. எண்ணி முடித்துவிட்டு அவள் திரும்பினாள். நான் கத்திய கத்தலில் பயந்துபோய் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்பாவைக் கேட்டேன். என்னென்னவோ கேட்டேன், வாயில் வந்ததெல்லாம் கேட்டேன். அவர் பயப்படவில்லை, மறைக்கவும் இல்லை. வேலையில் குறுக்கிட்டவனைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார். "உங்க அக்காதான் தெரியாம விழுந்தா. அந்த ஒண்ணுதான் சரியா வந்துச்சு" என்றார்.

அக்கா, அவர் அதை வருத்தத்தோடு சொல்லியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். உன்னைப் பாராட்டுகிற மாதிரி சொன்னார்.

நேரடியாக வரைவதை ரத்து செய்தோம். அப்பாவுக்குக் கை நடுக்கம் என்று கண்காட்சி அம்மாவிடம் சொன்னேன். ஆனால் விழா நடந்தது. சுவரொட்டி, டிக்கெட் எல்லாவற்றிலும் அந்தக் கடைசித் தாள்தான் அச்சாகியிருந்தது. எடுக்கச் சொல்ல வாய் வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. அட்டையும் அப்படியே இருக்கிறது. மாலை போட்டார்கள். உனக்குப் பதில் நான்தான் மேடையேறி இரண்டு வார்த்தை பேசினேன். நல்ல அப்பா என்று பேசினேன். கை தட்டினார்கள்.

வெளியில் தெரிய வேண்டாம் அக்கா. உன் காலில் விழுந்து கேட்கிறேன். அவருக்கு இன்னும் எத்தனை நாள்? என் கடை, குட்டியின் பள்ளிக்கூடம் எல்லாம் இதே தெருவில்தான். உன் ஆபரேஷனுக்கு நான் வரட்டுமா?

தம்பி

ஆகஸ்ட் 7

தம்பிக்கு,

நான்கு மாதமாகப் பதில் எழுதவில்லை. வலியால் இல்லை, எழுதப் பிடிக்கவில்லை. ஆபரேஷன் முடிந்தது. இடுப்பில் புது மூட்டு. கைத்தடியோடு நடக்கிறேன். பட்டறையில் எனக்கு உயரமான ஸ்டூல் ஒன்று போட்டிருக்கிறார்கள். முதலாளிக்கு இத்தனை வருஷம் தோன்றாதது, தடியைப் பார்த்ததும் தோன்றியிருக்கிறது. குட்டி எப்படி இருக்கிறாள்?

காலில் விழுந்து கேட்பதாக எழுதியிருந்தாய். என் காலை விட்டுவிடு, அதில் ஏற்கெனவே நிறைய நடந்துவிட்டது. வெளியே சொல்ல மாட்டேன். சொன்னால் அதையும் அட்டையில் எழுதிப் பெருமையாக மாட்டிவிடுவார்கள்.

உங்கள் கண்காட்சி இந்த ஊருக்கும் வந்திருக்கிறது. பிசியோதெரபிக்குப் போகிற வழியில் பஸ் நிறுத்தத்தில் அந்தச் சுவரொட்டி. ஒரு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். நேற்று டிக்கெட் எடுத்துவிட்டேன்.

தாள் வெளுத்துவிடும் என்று மங்கலான விளக்குத்தான். எல்லோரும் கோயிலுக்குள் போகிற மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். முதல் அறை, முழுச் சுவர். நம் மாடியின் சிமெண்ட் கட்டம், தண்ணீர் போகிற ஓட்டை, எல்லாம் இருக்கின்றன. நான் ஓடுகிறேன். நன்றாகத்தான் ஓடியிருக்கிறேன், இரண்டு காலும் ஒரே நீளம்.

கடைசித் தாளுக்கு முன்னால்தான் கூட்டம். என் பக்கத்தில் நின்ற பெண் தன் சிநேகிதியிடம், "கால் எவ்ளோ தத்ரூபமா இருக்கு, பாக்கும்போதே கூசுது" என்றாள். எனக்கும் கூசியது. துணி வெட்டுகிறவள் இல்லையா, எனக்குப் பாவாடைதான் முதலில் கண்ணில் பட்டது. அன்று காலை விளிம்பு பிரிந்திருந்தது, அம்மா அவசரத்தில் ஓர் ஊக்குக் குத்திவிட்டு வேலைக்குப் போனாள். அந்த ஊக்கு இருக்கிறது, தம்பி. ஊக்கின் தலை எந்தப் பக்கம் என்பது வரைக்கும் வரைந்திருக்கிறார்.

பிறகு முகத்தைப் பார்த்தேன். முகம் இல்லை. ஒரு வட்டம், அதன் குறுக்கே இரண்டு கோடு. அவ்வளவுதான். எல்லாத் தாளிலும் போய்ப் பார்த்தேன், எல்லாவற்றிலும் அதே வட்டம். விளக்கம் சொல்ல நின்ற பெண்ணிடம் கேட்டேன். "முகத்தை வேற ஆர்ட்டிஸ்ட் அப்புறமா போடுவாங்க மேடம். இவருக்கு அசைவுதான் எல்லாம்" என்றாள்.

நான் கத்திக்கொண்டிருந்தேன் தம்பி. மூச்சு முட்ட, அப்பா அப்பா என்று அவரைப் பார்த்துத்தான் கத்திக்கொண்டிருந்தேன். ஒருவேளை கல்நெஞ்சோடு பார்த்தபடியே வரைந்தாரோ என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அவர் பார்க்கவே இல்லை. ஊக்கைப் பார்த்திருக்கிறார்.

நன்றாகத்தான் வந்திருக்கிறது. அதை என்னால் மறுக்க முடியவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

குட்டியை வரைந்த தாள்கள் வீட்டில்தானே இருக்கும்? அவற்றில் முகம் இருக்கிறதா என்று பார்த்து எழுது.

அக்கா

செப்டம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான், குட்டி, குட்டியின் அம்மா நலம். அவள் வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டாள். அப்பாவும் நலம். நன்றாகச் சாப்பிடுகிறார். பேப்பரில் வந்த தன் புகைப்படத்தை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். உன் இடுப்பு எப்படி இருக்கிறது?

நீ கேட்டதைப் பார்க்க எனக்கு இத்தனை நாள் ஆனது. தெரிந்தே தள்ளிப்போட்டேன். நேற்று மாலை அந்தத் தாள்கட்டை எடுத்துப் பிரித்தேன். குட்டி விடவில்லை, மடியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். "இது என் ஷூ. இது என் கிளிப்பு. இது அன்னிக்கு போட்டிருந்த சட்டை" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். எல்லாம் அப்படியே இருந்தது, லேஸ் முடிச்சு முதற்கொண்டு. பிறகு கேட்டாள், "அப்பா, என் மூஞ்சி எங்க?"

தாத்தா இன்னும் முடிக்கவில்லை என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கடைசித் தாளையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு அவர் அறைக்கு ஓடினாள். நான் பின்னால் போவதற்குள் அவர் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். முகத்தை நிமிர்த்தி, கண்ணை அகல விரித்து, "மூஞ்சி மட்டும் போட்டுக் குடு தாத்தா. நான் அப்படியே இருக்கேன், அசைய மாட்டேன்" என்றாள்.

அப்பா பென்சிலை வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். நான் வாசலில் நின்று அவர் கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்துக்குப் போகும், இப்போதாவது போகும் என்று நின்றேன் அக்கா. அவர் பார்த்தது ஸ்டூலிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த அவள் காலை.

குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். படம் முடியவில்லை என்று அழுதாள். தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை வரை நடந்தேன், இறக்கி விடவே மனசு வரவில்லை.

நீ கத்தியபோது நான் கீழே தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தேன். எழுந்து வர முடியாத வயது.

தம்பி